கண்ணாடித் தகடும் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கும்: கார்ல்டன் வற்கின்ஸின் கமெராத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இயற்கையைப் படமாக்கும் கலைஞன் தனக்குரிய கமெராவைத் தன் இரசனைக்கேற்பவே தெரிந்தெடுக்கிறான் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். அத்தெரிவைத் தனிமனித மேதைமையின் வெளிப்பாடாக மட்டுங் கொள்ளும் அழகியல், அவன் காலத்து உற்பத்திச் சாதனங்களையும், அவனது படங்களை வேண்டிநின்றோர் யாவர் என்பதையும் கவனியாது விட்டுவிடுகின்றது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான கார்ல்டன் வற்கின்ஸின் (1829–1916) வரலாறு இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது.

நியூயோர்க் மாநிலத்திற் பிறந்த வற்கின்ஸ், தங்க வேட்டைக் காலத்திற் கலிபோர்னியாவுக்குச் சென்றவர். அவர் தொடக்கத்திற் பெற்ற பணிகளுள் முக்கியமானவை சுரங்கங்களையும் வழக்கிலிருந்த காணிகளையும் படமெடுத்தலேயாம். நீதிமன்றத்திற் சான்றாகவும் முதலீட்டாளரைக் கவர்வதற்காகவும் பயன்பட்ட இப்படங்களில் நுண்விபரமே முதன்மை பெற்றது. 1861இல் யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது, ஏறத்தாழ 18க்கு 22 அங்குல அளவான கண்ணாடித் தகடுகளை ஏற்கவல்ல பெருங்கமெராவை அவர் கொண்டுசென்றார்.

இத்துணைப் பெரிய கருவி வேண்டப்பட்டதேன்? அக்காலத்து வெண்கருத் தாள் ஒளியுணர்வு குறைந்தது. தகட்டைத் தாளின்மேற் பொருத்தி வெயிலில் வைத்தே படி எடுக்கப்பட்டது. எனவே, பெரிய படத்துக்குப் பெரிய தகடே வழியாயிற்று. மேலும், 1851இல் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், தகட்டிற் பூச்சிட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்குதல் வேண்டும். ஆகவே, இருட்கூடாரமும் இரசாயனங்களும் கண்ணாடிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறின.

கருவியின் வரம்புகளே ஒரு பாணியாகவும் அமைந்தன. கொலோடியன் நீல ஒளியை மிகையாக ஏற்றமையால் வானம் முகிலற்ற வெறுமையாயிற்று. நீண்ட நேரம் ஒளிபடவேண்டியிருந்தமையால் அருவி வெண்பட்டாயிற்று. 1927இல் இதே பள்ளத்தாக்கின் அரைக்குவிமாடப் பாறையைப் படமெடுத்த அன்சல் அடம்ஸ், செந்நிற வடிகண்ணாடியால் வானத்தைக் கருமையாக்க முடிந்தது. செந்நிறத்தையும் உணரும் தகடுகள் அதற்குள் தோன்றியிருந்தமையே அதற்குக் காரணமாகும்.

எனினும், கருவியே யாவற்றையும் தீர்மானித்தது என்பது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். 1851இல் மரிப்போசாப் படையணி இப்பள்ளத்தாக்கினுட் புகுந்து, அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியது. அவர்களுட் சிலர் பின்னர் திரும்பிவந்து வாழ்ந்தனர். ஆயினும், வற்கின்ஸின் புகழ்பெற்ற 1861ஆம் ஆண்டுக் காட்சிகளில் அது மனிதர் தீண்டாத நிலமாகவே தோற்றுகின்றது. இது கண்ணாடித் தகட்டின் குறையன்று. அசையாது நிற்கும் மனிதரை அத்தகடு பதிவுசெய்யவல்லது. எதைச் சட்டகத்துள் அடக்குவது என்ற தெரிவிலேயே வர்க்கப் பார்வை தொழிற்படுகின்றது.

இப்படங்கள் 1862இல் நியூயோர்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பள்ளத்தாக்கின் புகழைப் பெருக்கின. 1864 யூன் 30இல், அதனைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கெனக் கலிபோர்னிய மாநிலத்திடம் ஒப்படைக்குஞ் சட்டத்தில் ஜனாதிபதி லிங்கன் ஒப்பமிட்டார். தனியார் கைப்பற்றலைத் தடுத்த அச்சட்டம் முற்போக்கானதே. ஆனால், அது காத்த ‘கன்னி நிலம்’ என்ற கருத்து, முன்னர் நிகழ்ந்த நிலப்பறிப்பை மறைத்துநின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

காணி வழக்குகளுக்குச் சான்றளித்த அக்கலைஞனின் உடைமையும் நிலைக்கவில்லை. 1870களின் பொருளாதார நெருக்கடியில் அவரது காட்சிக்கூடமும் எதிர்த்தகடுகளும் கடன்கொடுத்தோர் கைக்கு மாறின. அப்படங்கள் ரேபர் என்பவரின் பெயரில் வெளிவரலாயின. பின்னர் அவர் மீளச் சேர்த்தவற்றை 1906ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோத் தீ அழித்தது.

ஆகவே, இயற்கைப் படமொன்றை ஆராய்வோர் அது எக்கருவியால் எடுக்கப்பட்டது என்பதோடு அமைதல் தகாது. அக்கருவி யாருடைய தேவைக்கு உருவானது, படத்திலுள்ள நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, எதிர்த்தகடு இறுதியில் யாருக்குச் சொந்தமாயிற்று என்ற வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும்.