விழுப்புண்ணுக்குச் சான்று: பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் முன்னாள் வீரர்களின் முறையீடும்

அமெரிக்கப் படைகளில் வழங்கப்படும் பதக்கங்களுள் 'பர்ப்பிள் ஹார்ட்', அதாவது ஊதா இதயம், தனித்த இயல்புடையது. வீரச்செயலுக்கான பதக்கங்களைப் பெற, ஒரு படைவீரரின் செயலை மேலதிகாரி எடைபோட்டுப் பரிந்துரைக்க வேண்டும். இதற்கோ எவருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை. பகைவரின் செயலால் உடலில் காயம் நேர்ந்து, அக்காயத்துக்கு மருத்துவ அலுவலரின் சிகிச்சை தேவைப்பட்டு, அச்சிகிச்சை ஏட்டில் பதிவாகியும் இருந்தால், பதக்கம் அவருக்கு உரிமையாகிவிடுகிறது. விழுப்புண் என்று தமிழ் ஒரே சொல்லில் சுட்டும் பெருமைக்கு உலோகத்தில் வடிவம் தந்த இப்பதக்கத்தின் கதையில், போர்க்களத்துக்கு நிகரான இடத்தை ஆவணக் கிடங்குகளும் விண்ணப்பத் தாள்களும் பிடித்திருப்பதற்கு இந்த விதியமைப்பே காரணம். தழும்பு உடலில் இருக்கிறது, தாள் இல்லை என்ற நிலையில் நிற்கும் முதியவரின் முறையீடு, பதக்கம் இன்றைய வடிவம் பெற்ற நாள்தொட்டு அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது.

பதக்கத்தின் மூதாதை காயத்துக்காகப் பிறந்ததன்று. அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில், தகுதி மிக்க சிப்பாய்களுக்குப் பதவி உயர்வு அளிக்கும் அதிகாரத்தை அந்நாட்டுச் சட்டமன்றமான காங்கிரசு கட்டுப்படுத்தியிருந்த சூழலில், ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க் மாநிலத்து நியூபர்க் நகரில் இருந்த தமது தலைமையகத்திலிருந்து 1782 ஆகஸ்ட் 7 அன்று ஓர் ஆணை பிறப்பித்து, இதய வடிவில் வெட்டிய ஊதாத் துணியை இடது மார்பில் தைத்துக்கொள்ளும் உரிமையைச் சாதாரணச் சிப்பாய்களுக்கு வழங்கினார். உயர்குடிப் பிறப்பினருக்கும் தளபதிகளுக்குமே விருதுகள் உரியவை என்றிருந்த காலத்தில் கடைநிலைச் சிப்பாயை முன்னிறுத்திய அந்த ஆணை மதிப்புக்குரியது. அச்சின்னத்தைப் பெற்றவர்களாக இலைஜா சர்ச்சில், வில்லியம் பிரவுன், டேனியல் பிஸ்ஸல் ஆகிய மூவர் மட்டுமே அறியப்பட்டுள்ளனர். போருக்குப் பின் அது ஏறத்தாழ 150 ஆண்டுகள் மறதியில் கிடந்தது.

வாஷிங்டன் பிறந்த 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1932 பிப்ரவரி 22 அன்று, தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்காதரின் முயற்சியால் சின்னம் பதக்கமாக மறுபிறவி எடுத்தது. எலிசபெத் வில் வரைந்த வடிவத்துக்கு ஃபிலடெல்பியா நாணயச்சாலையின் சிற்பி ஜான் சின்னக் உருக்கொடுத்தார். அன்றைய விதியின்படி அது சிறப்பான பணிக்குரிய பதக்கமே. ஆனால் மருத்துவ அலுவலரின் சிகிச்சை வேண்டியிருந்த போர்க்காயத்தையும் அத்தகைய பணியின் விளைவாகக் கருதலாம் என்று விதியில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. பதக்கத்தின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த விளக்கத்திலிருந்தே கிளைத்தது. முதல் உலகப் போரில் காயமுற்றவர்கள் சட்டையின் வலது முன்கைப் பகுதியில் அணிந்துவந்த பொன்னிற 'V' வடிவப் பட்டைக்கு உரியவர்கள் புதிய பதக்கத்துக்கும் தகுதி பெற்றனர். எனினும் அரசு அவர்களைத் தேடிச் செல்லவில்லை; வீரர் தாமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பெருமந்தத்தின் கொடிய ஆண்டில், போர் முடிந்து 13 ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், வயல்களிலும் வேலையற்றோர் வரிசைகளிலும் இருந்த அம்மனிதர்கள் தங்கள் காயத்தை மெய்ப்பிக்கத் தாள் எழுதி அனுப்பினார்கள். அதே ஆண்டு மே 28 அன்று நியூபர்க்கை அடுத்த நியூ விண்ட்சரில் 137 முன்னாள் வீரர்களுக்குப் பதக்கம் அணிவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் பதக்கத்தின் பொருளைக் கூர்மைப்படுத்தியது. சிறப்பான பணிக்கென 1942இல் 'லீஜன் ஆஃப் மெரிட்' என்னும் தனி விருது ஏற்பட்டதால், ஊதா இதயம் காயமுற்றோருக்கும் களத்தில் மாண்டோருக்கும் மட்டும் உரியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் அதைக் கடற்படைக்கும் விரிவாக்கினார். பதக்கத்தின் பின்புறத்தில் இன்றும் பொறிக்கப்படும் வாசகம் படைத்தகுதிக்காக என்றே சொல்கிறது. காயம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

எது காயம் என்ற கேள்வியே பின்னர் முறையீடுகளின் கருவாயிற்று. வெளியிலிருந்து வந்த விசையாலோ பொருளாலோ உடலின் எப்பகுதிக்கும் நேரும் சேதம் காயம் என்பது விதியின் வரையறை. நோய், விபத்து, வெப்பத் தாக்கு, ஈரமும் குளிரும் நிறைந்த பதுங்குகுழியில் நாட்கணக்கில் நிற்பதால் பாதம் அழுகும் 'அகழிப்பாதம்' ஆகியவை அதற்குள் அடங்கா. உறைகுளிரால் சதை செத்துப்போகும் பனிப்புண்ணைத் தரைப்படை விதி ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஏற்கிறது: 1941 டிசம்பர் 7 முதல் 1951 ஆகஸ்ட் 22 வரை, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் அது தகுதியுடையது, அதன் பின்னர் தகுதியற்றது. ஆகவே கொரியப் போரின் முதல் குளிர்காலத்தில் விரல்களை இழந்தவருக்குக் கிடைத்த தகுதி, அதே மலைகளில் அடுத்த குளிர்காலத்தில் விரல்களை இழந்தவருக்குக் கிடைக்கவில்லை. இந்த எல்லைக்கோடு நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், அதன் மறுபக்கத்தில் நின்றவரிடம் நியாயமென்று விளக்கக் கூடியதன்று.

விதிக்குள் அடங்கிய காயத்துக்கும் தாள் வேண்டும். போர்க்களத்தின் இயல்போ தாளுக்கு எதிரானது: படைமருத்துவ உதவியாளர் குண்டுச் சிதறலைப் பிடுங்கிக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் ஓடியிருப்பார்; தோழர்களை விட்டுப் பின்வாங்க மனமில்லாமல் காயமுற்றவர் மருத்துவ முகாமுக்குப் போகாமலே இருந்திருப்பார்; பதிவேடு இருந்த வண்டியே எரிந்திருக்கவும் கூடும். அன்று சிறுகீறலாகத் தோன்றியது 70 வயதில் நடையை முடக்கும்போதுதான் பலர் பதிவைத் தேடத் தொடங்குகின்றனர்.

அவ்வாறு தேடியவர்களுக்கு மிகப் பெரிய இழப்பு 1973 ஜூலை 12 அன்று நேர்ந்தது. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் தளத்தில் பற்றிய தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடும், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விமானப்படையிலிருந்து விடுபட்டவர்களுள் அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்வந்தோரின் கோப்புகளில் ஏறத்தாழ 75 விழுக்காடும் போயின. அவற்றுக்கு நகல் இல்லை, நுண்படம் இல்லை, முழுமையான அட்டவணையும் இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் சிந்திய குருதிக்கு இருந்த எழுத்துச் சாட்சியின் பெரும்பகுதி இவ்வாறு சில நாட்களில் மறைந்தது.

எஞ்சியவற்றைக் கொண்டு வரலாற்றை மீட்கும் பணியில் ஆவணக் காப்பாளர்கள் காட்டிய பொறுமை போற்றத்தக்கது. படைப்பிரிவு தோறும் அன்றாடம் யார் வந்தார், யார் காயமுற்றார், யார் மருத்துவமனைக்குப் போனார் என்று எழுதப்பட்ட 'காலை அறிக்கைகள்', விடுவிப்பின்போது கொடுத்த கடைசிச் சம்பளச் சீட்டுகள் ஆகியவை துணைக்கு வந்தன. 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் பற்றிய குறியீட்டுத் தரவுகள் 1988இல் கிடைத்தன. அவற்றில் பெயர்கள் இல்லை, படைவீரரின் பணி எண் மட்டுமே உண்டு. தன் பணி எண்ணை மறவாதிருந்த முதியவருக்கு, எலும்பு முறிந்தது பகைவரின் குண்டாலா வண்டி கவிழ்ந்தா என்பதை அந்தக் குறியீடு எடுத்துக்காட்டக் கூடும்.

மறுக்கப்பட்டவர்கள் இறுதியாக அணுகும் இடம் படை ஆவணத் திருத்த வாரியம். 1946க்கு முன் ஒருவருடைய படைப்பதிவில் உள்ள பிழையைத் திருத்தக் காங்கிரசே அவருக்கென ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது; அந்தச் சுமையை நீக்க, குடிமை அலுவலர்களைக் கொண்ட இவ்வாரியங்களுக்கு அவ்வாண்டின் சட்டம் வழிசெய்தது. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்தாலும், நீதியின் பொருட்டு அக்கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அரசின் பதிவுகள் முறைப்படியே எழுதப்பட்டிருக்கும் என்ற முன்னூகத்திலிருந்து விசாரணை தொடங்குவதால், மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரின் தோளில் விழுகிறது. காயத்தை நேரில் கண்ட தோழர்களின் வாக்குமூலம் பெரிதும் உதவும். ஆனால் முறையீடு எழுதும் வயதில் அத்தோழர்களுள் எத்தனை பேர் உயிருடன் இருப்பார்கள் என்பதை விதி கணக்கில் எடுப்பதில்லை.

வாரியங்களால் நெகிழ்த்த முடியாத விதிகளைச் சட்டமும் அதிபர் ஆணைகளும் அவ்வப்போது விரித்துள்ளன. பயங்கரவாதத் தாக்குதலில் காயமுற்றோரை 1984ஆம் ஆண்டின் ஆணை சேர்த்தது. 1962 ஏப்ரல் 25க்கு முன் சிறைப்பட்டு, பகைவரின் கையில் காயமுற்ற போர்க்கைதிகளுக்கு, அந்நாளுக்குப் பின் சிறைப்பட்டோருக்குச் சமமான தகுதியை 1996ஆம் ஆண்டின் சட்டம் அளித்தது. சிறையில் மாண்டவரின் இறப்புக்குப் பகைவரே காரணம் என்று கொள்ளும் விதி 2008இல் வந்தபோது, ஜப்பானிய முகாம்களில் பட்டினியாலும் நோயாலும் இறந்தோரின் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் பதக்கம் கேட்க முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத காயம் இன்னும் தீராத வழக்கு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு பகைவர் வெளியிலிருந்து நேரடியாக ஏற்படுத்திய காயமன்று, நிகழ்வின் பின்விளைவு என்று கூறி, 2009 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதை விலக்கியது. வெடிப்பின் அழுத்த அலையால் மூளை குலுங்கும் காயத்துக்கான அளவுகோல் 2011இல் தெளிவாக்கப்பட்டு, 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கிச் செல்லுபடியாயிற்று. ஆயினும் 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் அசாத் விமானத்தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோது 100க்கும் மேற்பட்டோருக்கு மூளைக்காயம் கண்டறியப்பட்டும், முதலில் 29 பேருக்கே பதக்கம் கிடைத்தது. தொடர்ந்த முறையீடுகளுக்குப் பின் 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு அனுமதி வந்தது. பதக்கம் பெற்றோருக்கு முன்னாள் வீரர் மருத்துவச் சேவையில் முன்னுரிமையும், அவர்களுள் 2001 செப்டம்பர் 11 முதல் பதக்கம் பெற்றோருக்கு 2018 தொட்டு முழுக் கல்வி உதவியும் உண்டு என்பதால், இம்முறையீடுகளை மார்பில் மின்னும் அணிக்கான ஆசையாகக் குறைத்துப் பார்ப்பது பெரும் அநீதி.

வாஷிங்டனின் படை கடைசியாகக் கூடாரமிட்ட நியூ விண்ட்சரில், 2006 முதல் பர்ப்பிள் ஹார்ட் பெற்றோருக்கான தேசிய மாமண்டபம் இயங்கிவருகிறது. பதக்கம் பெற்றவர்களின் முழுமையான பட்டியல் அரசிடமே இல்லாததால், வீரர்களும் குடும்பத்தினரும் ஆவணங்களை அனுப்பிப் பெயர்களைப் பதிவுசெய்கின்றனர். ஊதாத் துணி பெறுவோரின் பெயரும் படைப்பிரிவும் 'தகுதி நூல்' என்ற ஏட்டில் எழுதப்பட வேண்டுமென்று 1782ஆம் ஆண்டின் ஆணையிலேயே வாஷிங்டன் பணித்திருந்தார். அந்த ஏடு இதுவரை கிடைக்கவில்லை.