பெயர்ப்பலகைக்குப் பின்னால்

1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாளிரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாலோமர் நடன அரங்கில் பென்னி குட்மேனின் இசைக்குழு வாசித்தது. வழிநெடுகப் பல ஊர்களில் வரவேற்பின்றிச் சோர்ந்து வந்த குழு அது. அன்றோ துள்ளும் ஜாஸ் இசையை எடுத்ததும் இளைஞர் மேடையைச் சூழ்ந்து ஆர்ப்பரித்தனர். பேரிசைக்குழுக்களின் 'ஸ்விங்' காலம் அவ்விரவில் பிறந்ததென்பர் வரலாற்றாசிரியர் பலர்.

அவ்வெற்றிக்கு அடித்தளமிட்டவர் அம்மேடையில் இல்லை. அவர் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பினக் கலைஞர். 1897இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். வேதியியல் பட்டம் பெற்று 1920இல் நியூயார்க் சென்றவர். அத்துறையின் வாயில் கறுப்பினத்தவர்க்குக் குறுகியிருந்த காலமாதலின் இசையே அவருக்கு வாழ்வாயிற்று.

நான்கைந்து பேர் வாசிக்கச் செவியே போதும். பன்னிரண்டு பேர் கூடினால் எழுத்து வேண்டும். ட்ரம்பெட்டும் டிராம்போனும் வினவ, சாக்சஃபோன்கள் விடை பகர, இடையே ஒருவர் தம் கற்பனையில் வாசிக்க இடம் விடும் முறையை, டான் ரெட்மனின் துணையுடன் ஹெண்டர்சன் குழு 1920களில் உருவாக்கியது. 1924இல் அதில் சேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ராங் அதற்குப் புதிய தாளநடை தந்தார்.

எனினும் 1934இல் பணமுடையால் அக்குழு சிதறியது. அப்போது வானொலி நிகழ்ச்சியொன்றுக்காகக் குட்மேன் தேடிய இசைத்தாள்களை ஹெண்டர்சன் விலைக்கு எழுதித் தந்தார். பாலோமரில் முழங்கியவை அவையே. இசை அதுதான், வாசித்தோரின் நிறம் மாறியதும் கதவுகள் திறந்தன.

குட்மேன் நன்றி மறந்தவரல்லர். வறிய யூதக் குடியேறிகளின் மகனான அவர், ஹெண்டர்சனின் பங்கை வெளிப்படையாகவே போற்றினார். 1936இல் டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்னும் கறுப்பினக் கலைஞர்களைத் தம்முடன் மேடையேற்றினார்; 1938 ஜனவரி 16இல் கார்னகி அரங்கிலும் அவர்கள் உடன் வாசித்தனர். 1939இல் ஹெண்டர்சனையே தம் குழுவில் பியானோ வாசிக்க அமர்த்தினார். தனிமனிதரின் இந்நேர்மை பெரிது. ஆயினும் ஒருவர் நல்லவராயிருப்பதால் மட்டும் ஓர் அமைப்பின் அநீதி நீங்கிவிடுவதில்லை. தம் இசையைத் தம் பெயரால் ஆளும் உரிமை, நன்றியைவிட மேலானதன்றோ?

போரும் ஏறிய செலவும் சேர, 1946 முடிவுக்குள் பல பேரிசைக்குழுக்கள் கலைந்தன. ஹெண்டர்சன் 1952இல் மறைந்தார். பலர் கூடி உழைத்த பணிக்கு ஒருவர் பெயரையே சூட்டிப் பழகியவர்கள் நாம். கைதட்டும்முன், இதை எழுதியவர் யார் எனக் கேட்கப் பழகுவோமாயின், அவர் வரலாறு நமக்குப் பயன்பட்டதாகும்.