திராவகம்

ஆசிட் என்று இன்று நாம் சொல்வதைச் சித்த மருத்துவ நூல்கள் திராவகம் என்கின்றன. 'த்ரு' என்ற வடமொழி வேருக்கு ஓடுதல் என்று பொருள். ஓடுவது திரவம், ஓடச் செய்வது, அதாவது கரைத்து உருக்குவது, திராவகம். பாடநூலில் நிலைத்துவிட்ட அமிலம், புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்ற சொல்லின் வழி வந்தது. அது நாக்கு அறிந்த குணம். திராவகம் என்ற பெயரில் அந்தப் பொருள் செய்யும் வேலையே இருக்கிறது. தங்கத்தையும் கரைக்கும் கலவைக்கு இராஜ திராவகம் என்றே பெயர்.

ஆசிட்டைக் கையாளும் ஆலைக்கு இந்தப் பழைய சொல்தான் பொருத்தம் என்பேன். ஐ.நா. வகுத்த எச்சரிக்கைக் குறிகளில் அரிக்கும் பொருளுக்கான படமும் பொருள் செய்யும் வேலையையே காட்டுகிறது: சொட்டும் திரவம் உலோகத்தையும் கையையும் அரிக்கிறது. 1984 போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை ஆலைப் பொறுப்பாளரின் கடமையாக்கியது. பீப்பாயில் வேதிக்குறியீட்டை மட்டும் எழுதிவிட்டால் அந்தக் கடமை தீராது. 'கந்தகத் திராவகம்: இதில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; இதைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் சேர்க்க வேண்டும்' என்று தமிழில், கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும்.