கதைக்குப் பக்கத்தில் ஒரு தைலம்

பழைய வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தபோது இப்படிச் சேர்த்துத் தைத்த தொகுதிகள் ஊருக்கு ஊர் உண்டு. கதை எப்போதோ புத்தகமாகி, இன்றைக்கு எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் கிடைக்கிறது. ஆனாலும் அந்த பைண்டிங்கைத் தூக்கிக் கொடுத்துவிட யாருக்கும் மனசு வராது. கேட்டால் மணியம் வரைந்த படங்களுக்காக என்பார்கள். படங்கள் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றும். அந்தக் காலத்து வாரப்பத்திரிகைகளில் கதையின் வால் ஓடுகிற பக்கங்களைப் பாருங்கள். ஒரு பத்தியில் கதை, அதை ஒட்டி ஒரு சோப்பு. அடுத்த பக்கத்தில் மறுபடி கதை, அதை ஒட்டி ஒரு தலைவலித் தைலம் அல்லது காப்பிப்பொடி. பைண்டு செய்பவர் விளம்பரத்தைக் கழித்துக்கட்டலாம் என்று நினைத்தாலும் முடியாது. அதைக் கிழித்தால் கதையும் கூடவே போய்விடும்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் யோசித்துச் செய்தது. விளம்பரத்தைப் பக்கத்தில் பாந்தமாக வைப்பது என்றால் இன்று நாம் நிறம், ஓரம், எழுத்துரு என்று பேசுகிறோம். அதெல்லாம் பிற்பாடு வந்த பேச்சு. வரலாறு முழுக்க நடந்த சண்டை ஒரு கோட்டைப் பற்றியது. பத்திரிகைக்காரர் எழுதியதற்கும் பணம் கொடுத்தவர் எழுதியதற்கும் நடுவே இருக்கிற கோடு. அதை யார் போடுவது, எங்கே போடுவது, அது கண்ணுக்குத் தெரியவேண்டுமா கூடாதா?

விளம்பரம் ஒன்றும் பத்திரிகைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்ததில்லை. 1710இலேயே ஜோசப் அடிசன் ‘டாட்லர்’ இதழில் விளம்பரங்களைக் கேலி செய்து ஒரு முழுக் கட்டுரை எழுதிவிட்டார். இரண்டு வருஷத்தில் பிரிட்டிஷ் அரசு விளம்பரங்களுக்கு வரி போட்டது. அந்த வரி 1853 வரை நீடித்தது. கல்கத்தாவில் 1780இல் ஹிக்கி தொடங்கிய பத்திரிகை, இந்தியாவின் முதல் செய்தித்தாள் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே அது, தன் பெயரிலேயே ‘அட்வர்டைசர்’ என்ற சொல்லையும் சுமந்திருந்தது. அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கப்பல் வருகையும் ஏலமும் வீடு வாடகையும் அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்திதான்.

கோடு பிரச்சினையானது நியூயார்க்கில். 1835 மே மாதம் ஜேம்ஸ் கார்டன் பென்னட் 500 டாலர் முதலோடு, வால் ஸ்ட்ரீட்டில் ஒரு நிலவறையில், இரண்டு மாவுப் பீப்பாய்மேல் பலகை போட்டு அதையே மேஜையாக்கி ‘ஹெரால்ட்’ நாளிதழைத் தொடங்கினார். பரபரப்புக்குப் பெயர்போனவர். மறு வருஷம் ஹெலன் ஜூவெட் என்ற பெண் கொலையானபோது அந்த விவகாரத்தை எழுதியே விற்பனையைத் தூக்கிக்கொண்டார். ருசி, நாகரிகம் என்றெல்லாம் பேசினால் முதலில் சிரிக்கக்கூடிய ஆள். ஆனால் விளம்பர விஷயத்தில் அவர் போட்ட சட்டம் மாதிரி இன்னொன்றை நான் கேள்விப்பட்டதில்லை. 1840களின் கடைசியில் அவர் ஹெரால்டில் பெரிய எழுத்தையும் படத்தையும் விளம்பரங்களிலிருந்து எடுத்துவிட்டார். கப்பல் கம்பெனியோ, வேலை தேடும் சமையல்காரியோ, எல்லோருக்கும் ‘அகேட்’ என்கிற ஒரே பொடி எழுத்து. ஐந்தரை பாயிண்ட். ஓர் அங்குல உயரத்துக்குள் 14 வரி அடங்கும். பத்திக்கோட்டைத் தாண்டி எதுவும் நீளக்கூடாது. போதாக்குறைக்கு, ஒரே விளம்பரத்தை நாள்கணக்கில் அப்படியே போடவும் முடியாது, தினமும் புதிதாக எழுதித் தரவேண்டும் என்றார்.

இதில் இரண்டு கணக்கு இருந்தது. காகிதத்தில் இடம் குறைவு என்பது ஒன்று. இரண்டாவதுதான் சுவாரசியமானது. பெரிய எழுத்தில் கத்துகிறவன் பக்கத்தில் சின்ன எழுத்துக்காரன் காணாமல் போகிறான், சின்ன ஆட்கள் புகார் சொல்கிறார்கள், எனவே எல்லோரும் ஒரே குரலில் பேசட்டும். விளைவாக ஹெரால்டின் விளம்பரப் பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆனால் தினமும் மாறியதால் ஜனங்கள் அதைச் செய்தி மாதிரியே படித்தார்கள்.

சட்டம் என்று ஒன்று போட்டால் அதற்கு ஓட்டை கண்டுபிடிக்க ஒருவன் பிறந்திருப்பான். இங்கே அவர் பெயர் ராபர்ட் பான்னர். அயர்லாந்திலிருந்து வந்தவர், அச்சுக்கோப்பவராக இருந்தவர். ஒரு வணிக வாரப்பத்திரிகையை 1851இல் வாங்கி, அதைக் ‘நியூயார்க் லெட்ஜர்’ என்ற கதைப் பத்திரிகையாக மாற்றினார். ஃபேனி ஃபெர்ன் என்ற எழுத்தாளருக்கு வாரம் 100 டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது ஊர் வாயைப் பிளக்கிற தொகை. இதை ஹெரால்டில் எப்படிச் சொல்வது? பெரிய எழுத்து கிடையாதே. ஒரே வாக்கியத்தை, அந்தப் பொடி எழுத்திலேயே, பத்தி முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கச் சொன்னார். ஒரு பத்தி இரண்டு பத்தியாகி, முழுப்பக்கமே ஒரே வரியால் நிரம்பியது. எழுத்தின் அளவு சட்டப்படி சரி; யார் என்ன சொல்லமுடியும்? மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பொடி எழுத்துகளைக் கோலப்புள்ளி மாதிரி அடுக்கி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய எழுத்தாகத் தெரியும்படி செய்தார்கள்.

பான்னரின் இன்னொரு உத்திதான் நம் காலத்துக்கு நெருக்கமானது. தன் பத்திரிகையில் வரப்போகும் தொடர்கதையின் ஆரம்பத்தை மற்றப் பத்திரிகைகளில் விலைக்கு வாங்கிய இடத்தில் அச்சிட்டார். வாசகர் கதைதானே என்று படித்துக்கொண்டே வருவார். கதாநாயகி சிக்கலில் மாட்டும் இடத்தில் கதை நின்றுவிடும்: மீதி நியூயார்க் லெட்ஜரில். அதுவரை படித்தது விளம்பரம் என்று அப்போதுதான் தெரியும். இதையெல்லாம் செய்த பான்னர், தன் சொந்த லெட்ஜரில் ஒரு விளம்பரம்கூட வாங்கவில்லை! அடுத்தவர் பக்கத்தில் கோட்டை அழித்தவருக்கு அந்தக் கோட்டின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாளிதழ்கள் இப்படி அடித்துக்கொண்டிருந்தபோது, இலக்கிய மாத இதழ்கள் விளம்பரத்தைத் திண்ணையோடு நிறுத்தியிருந்தன. ‘ஹார்ப்பர்ஸ்’ ரொம்ப நாள் தங்கள் புத்தகங்களைத் தவிர வேறெதையும் விளம்பரம் செய்ய விடவில்லை. ஒரு தையல் மெஷின் கம்பெனி பின்பக்கத்துக்கு வருஷத்துக்கு 18,000 டாலர் தருகிறோம் என்றும் அவர்கள் மறுத்ததாக ஒரு கதை உண்டு. பிறகு எல்லோரும் வாங்கத் தொடங்கியும், விளம்பரம் இதழின் முன்னாலும் பின்னாலும் தனிக்கட்டாகத்தான் இருந்தது. நூலகங்கள் வருஷக் கடைசியில் அந்தக் கட்டை உருவிப் போட்டுவிட்டு இலக்கியத்தை மட்டும் பைண்டு செய்தன. (அந்தக் காலத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன உடுத்தினார்கள் என்று தேடும் ஆய்வாளர்கள் இன்று இதற்காக அடித்துக்கொள்கிறார்கள்.)

1893இல் ஃபிராங்க் மன்ஸி தன் மாத இதழின் விலையை 25 சென்டிலிருந்து 10 சென்டாகக் குறைத்தார். அச்சடிக்கிற செலவே அதற்கு மேல். மீதியை விளம்பரதாரர் கொடுப்பார். கணக்கு அன்றோடு தலைகீழானது. வாசகர் வாடிக்கையாளராக இருந்ததுபோய், விற்கப்படுகிற சரக்காகவும் ஆனார். காசு கொடுக்கிறவர் இனி திண்ணையில் உட்காருவாரா? அந்த 1890களில்தான் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ ஆசிரியர் எட்வர்ட் போக், கதையின் தலையை முன்னால் வைத்து வாலைப் பின்பக்க விளம்பரங்களுக்கு நடுவே ஓடவிட்டார். ‘தொடர்ச்சி இத்தனையாம் பக்கம்’ என்று நாம் தேடித் தேடிப் புரட்டினோமே, அதற்கு மூலம் இங்கே இருக்கிறது. படிக்கிறவருக்கு எரிச்சல்தான். ஆனால் போக்கை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். அதே பத்திரிகை 1892இலேயே ரகசிய மருந்து விளம்பரங்களை நிறுத்திவிட்டது. பின்னர் அந்த மருந்துகளில் என்ன இருக்கிறது என்று அவரே அம்பலப்படுத்தினார். அமெரிக்காவில் 1906இல் உணவு, மருந்துச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் விட்டார், ஆனால் வாசலில் நின்று யார் என்று கேட்டுவிட்டு விட்டார். ஹெரால்டின் கதை நேர்மாறு: எழுத்தின் அளவில் அத்தனை கறார் காட்டிய பத்திரிகை, மகன் பென்னட் காலத்தில் விபசார விடுதிகளுக்கு ஆள்பிடிக்கும் வரி விளம்பரங்களைப் போட்டதற்காக 1907இல் அபராதம் கட்டியது. அதுவும் பொடி எழுத்தில்தான் இருந்தது.

நம் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி போனது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலம் செய்து விற்கத் தொடங்கினார். கச்சேரி நடக்கும் இடங்களில் சும்மாவே கொடுத்துப் பழக்கினார் என்பார்கள். தைலம் ஓடியது. அந்தப் பணத்தில் 1908இல் ‘ஆந்திர பத்திரிகா’ வார இதழை அங்கேயே தொடங்கி, 1914இல் சென்னையிலிருந்து அதை நாளிதழாக்கினார். 1924இல் ‘பாரதி’ என்ற இலக்கிய மாத இதழ். தெலுங்கு நவீன இலக்கியத்தில் அந்த இதழுக்கு இருக்கும் இடம் பெரிது. மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் பெயரில் இருக்கும் பூங்காவில் நடக்கப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. இங்கே கோடு எங்கே இருக்கிறது? விளம்பரதாரரே பத்திரிகை முதலாளி. ஆனால் யாரையும் ஏமாற்றியதாகத் தோன்றவில்லை. தைலம் யாருடையது, பத்திரிகை யாருடையது என்பது ஊருக்கே தெரியும். அவர் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்றவர். தலைவலி போனால் போதும், கவிதையும் கூட வருகிறது என்றால் யார் வேண்டாமென்பார்கள்!

எஸ்.எஸ். வாசன் எதிர்த்திசையிலிருந்து வந்தார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக்கொடுப்பதும் மெயில் ஆர்டர் வியாபாரமும் அவருடைய தொழில். பூதூர் வைத்தியநாதய்யர் நடத்தி நின்றுபோயிருந்த ‘ஆனந்த விகட’னை 1928இல் 200 ரூபாய்க்கு வாங்கினார். எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்பது விகடனில் பிறந்த நல்ல ஜோக்குகளில் ஒன்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பழகியவர் என்பதால், விளம்பரதாரருக்கு என்ன வேண்டும் என்று வாசனுக்குத் தெரியும்: விளம்பரத்தை அல்ல, பத்திரிகையைப் படிக்கிற கூட்டம். அதற்குத்தான் கல்கி, அதற்குத்தான் மாலியின் சித்திரங்கள், அதற்குத்தான் குறுக்கெழுத்துப் போட்டி. அந்த விகடனின் விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் டி. சதாசிவம். 1941இல் அவரும் கல்கியும் சேர்ந்து ‘கல்கி’யைத் தொடங்கியபோது, முதலுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். தமிழ் வாரப்பத்திரிகையின் பொற்காலம் என்கிறோமே, அதன் இரண்டு தூண்களுக்கும் அடியில் விளம்பரத் தொழில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். அதே 1930களில் எழுத்தை மட்டும் நம்பிய மணிக்கொடி என்ன பாடுபட்டது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

விளம்பரமே வேண்டாம் என்று சொன்னவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனிய’னில் (தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் உண்டு) விளம்பரங்கள் வந்தன. பிறகு நிறுத்தினார். ‘யங் இந்தியா’விலும் ‘நவஜீவ’னிலும் வாங்கவே இல்லை. பத்திரிகை வேண்டும் என்று நினைக்கிற வாசகரே அதன் செலவைத் தாங்கட்டும் என்பது அவர் கட்சி. சரிதான். காந்தி நடத்துகிற பத்திரிகைக்குச் சந்தா கட்ட ஆளிருந்தது. மற்றவர்களுக்கு?

இடையில் முதல் பக்கத்தின் கதையும் உண்டு. லண்டன் ‘டைம்ஸ்’ 1966 மே 3 வரை முதல் பக்கம் முழுக்க வரி விளம்பரங்களைத்தான் போட்டது. நம் ‘தி இந்து’ 1958 வரை. அது அசிங்கமாக யாருக்கும் படவில்லை. விளம்பரம் மேலே போர்வை மாதிரி இருந்தது, விரித்தால் உள்ளே செய்தி. இன்று முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு தலைப்பு உட்பட நகைக்கடை வருகிறதே, அதை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். பழையது விளம்பரமாகவே வந்தது. இது செய்தித்தாளின் முகமூடியை மாட்டிக்கொண்டு வருகிறது.

முகமூடி விஷயத்தில் அமெரிக்கா 1912இலேயே சட்டம் போட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்தி வடிவில் போட்டால் ‘விளம்பரம்’ என்று குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் மலிவுத் தபால் கட்டணம் கிடையாது. பத்திரிகைகள் வழக்குப் போட்டன. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இங்கே 2009 தேர்தலின்போது மகாராஷ்டிரத்தில் போட்டிப் பத்திரிகைகளில் ஓர் அரசியல் தலைவரைப் புகழ்ந்து ஒரே கட்டுரை, வரி மாறாமல், வெவ்வேறு பெயர்களில் வந்ததை பி. சாய்நாத் ‘தி இந்து’வில் எழுதினார். பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. குழு பத்திரிகைகளின் பெயர்களோடு அறிக்கை கொடுத்தது. 2010இல் கவுன்சில் வெளியிட்டது பெயர் நீக்கிய சுருக்கம். மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் 2011இல் முழு அறிக்கை வெளியே வந்தது. அந்தக் கட்டுரைகளின் வடிவமைப்பில் ஒரு குறையும் சொல்லமுடியாது. பக்கத்தோடு அவ்வளவு பாந்தமாகப் பொருந்தியிருந்தன.

திரைக்கு வந்தபோதும் அதே கதை, வேகமாக. 1994 அக்டோபர் 27 அன்று ‘ஹாட்வயர்ட்’ தளம் முதல் பட்டை விளம்பரங்களைப் போட்டது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் சொடுக்கினார்கள் என்கிறார்கள். புதுசு என்பதால் இருக்கும். ஜனங்கள் சீக்கிரமே கண்ணைத் திருப்பிக்கொள்ளப் பழகினார்கள். துள்ளிக் குதிக்கும் ஜன்னல்கள் வந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே 2006இல் சிகாகோவின் ஜிம் கூடாலும் சில வடிவமைப்பாளர்களும் ‘தி டெக்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு விளம்பரம். ஒரு சின்னப் படம், அடியில் ஒரு வரி. ஆடாது, அசையாது. தாங்கள் பயன்படுத்திப் பார்த்த, அல்லது நன்றாகத் தெரிந்த பொருள்களுக்கு மட்டும். பென்னட்டின் பொடி எழுத்தும் போக்கின் வாசல் காவலும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. வாசகர்கள் அதை விரும்பிப் பார்த்தார்கள், தளம் நடத்தியவர்களுக்கும் ஓரளவு காசு வந்தது. ஆனால் விளம்பரதாரர்கள் மெல்ல, வாசகர் எங்கே போகிறார், என்ன வாங்குகிறார் என்று பின்தொடர்ந்து எண்ணிச் சொல்கிற பெரிய நிறுவனங்களிடம் போய்விட்டார்கள். தி டெக் எண்ணவில்லை. 2017இல் கடையைக் கட்டினார்கள். அதுவரைக்கும் பக்கத்துக்கு ஒரு விளம்பரம்தான்.