மணி அடிக்காத சூத்திரம்

கல்வெட்டு நெல் தானங்களை எக்செல்லில் பதிந்து, ஊர், அரசன் என இரண்டு நிபந்தனை போட்டு சம்இஃப்ஸில் கூட்டினேன். ஓர் ஊரில் தானம் குறைஞ்சிடுச்சுன்னு இங்கேயே எழுதியும் விட்டேன். தப்பு.

சம்இஃப்ஸ் எக்செல் 2007-ல் வந்தது, யோசனை பழசு. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரத்தில், துளையிட்ட அட்டை மேல் ஊசிகள் இறங்கும். துளை இருந்தால் ஊசி பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும். ரிலேக்களை இணைத்து, 'ஆண்', 'திருமணமானவர்' இரண்டும் சேர்ந்தால்தான் முள் நகரும்படி செய்யலாம். (அது வெறும் எண்ணிக்கைதான், தொகை கூட்டும் இயந்திரம் பிறகு வந்தது.) அட்டையைச் சரியாகப் படித்தால் மணி அடிக்கும். அடிக்கலைன்னா எடுத்துப் பார்க்கணும்.

என் ஷீட்டில் மூன்று வரிகளில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ். சம்இஃப்ஸ் சத்தமே இல்லாமல் அவற்றை விட்டுவிட்டது. இப்போ நிபந்தனையில்லாத மொத்தத்தையும் பக்கத்தில் போட்டு, ஊர்வாரித் தொகைகளோடு ஒத்துப் பார்க்கிறேன். பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.