டயருக்குள் இருக்கும் காற்றின் கதை

காரின் எடையைச் சுமப்பது ரப்பர் மட்டும் என்று நினைக்கிறோம். பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைத்த காற்றுதான். 1888-ல் ஜான் பாய்டு டன்லப் காப்புரிமை பெற்ற விஷயம் இதுவே. நம் மாநிலத்தில் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1961-ல் டயருக்கு வந்தது.

காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும். 2000-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்து, கார்கள் கவிழ்ந்து, 200 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தயாரிப்புக் குறையோடு குறைந்த காற்றும், வெயிலும், வேகமும் சேர்ந்துகொண்டன. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்று குறைந்தால் எரியும் விளக்கு கட்டாயமானது. ஆனால் காற்று கால் பங்கு குறையும்வரை அந்த விளக்கு எரியாமல் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 ஆகும்வரை பேசாமல் இருக்கலாம்!

ஆகவே விளக்கை நம்பி இருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் நான்குவழிச் சாலையில் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ கிளம்புமுன், காலையில் டயர் சூடேறாதபோதே காற்றைப் பாருங்கள். சரியான அளவு, பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு போனால் அதற்குத் தனி அளவு உண்டா என்றும் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.