கிராந்திதியே கல்

சென்ற வாரம் பேரன் செல்போனில் விலையுயர்ந்த கற்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒன்று நீலமா பச்சையா என்றே சொல்ல முடியவில்லை. கீழே ‘கிராண்டிடியரைட்’ என்று போட்டிருந்தது. “அப்படி இல்லடா, கிராந்திதியே” என்றேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்த வாய், எழுபது தாண்டியும் சும்மா இருப்பதில்லை.

“யாரு தாத்தா அது?” என்றான்.

அல்ஃப்ரெத் கிராந்திதியே (1836–1921) பிரெஞ்சு நாட்டுப் பயணி. திபெத் போகும் எண்ணத்தோடு 1863-இல் இந்தியா வந்தார். கடுமையான காய்ச்சல் தடுத்துவிட்டது. உடம்பு தேற ஸான்ஸிபார் போய், பிறகு ரெயூனியோன் வழியாக 1865-இல் மடகாஸ்கரில் இறங்கினார். அந்தத் தீவை மூன்று முறை குறுக்கே கடந்தார். காய்ச்சல் மட்டும் வராதிருந்தால் கல்லுக்கு வேறு பெயர்தான்!

கல் கிடைத்தது தீவின் தெற்கே, ஆந்த்ரஹோமனா என்ற இடத்துக் கடற்பாறையில். 1902-இல் அதை ஆராய்ந்து பெயரிட்டவர் பாரீஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பேராசிரியர் அல்ஃப்ரெத் லக்ருவா. (டாக்டர் பட்டம் வாங்கினால்தான் பெண் தருவேன் என்று இவரிடம் சொன்னாராம் மாமனார். அவரும் பாறை ஆராய்ச்சிப் பேராசிரியர்தான்.) அப்போது லக்ருவா மடகாஸ்கரைப் பார்த்ததே இல்லை, 1911-இல்தான் போனார். புதுச்சேரிக்கு 1816-இல் வந்த தாவரவியலாளர் லெஷெனோ, சேலத்திலும் இலங்கையிலும் பொறுக்கி அனுப்பிய பாறைகளைப் பற்றியும் இவரே 1889-இல் எழுதினார். லெஷெனோவின் பெயராவது நமக்குத் தெரிகிறது. ஆந்த்ரஹோமனாவில் குனிந்து அந்தக் கல்லை எடுத்த கை யாருடையது? நான் எழுதிய குறிப்புகளுக்கு மேலதிகாரி கையெழுத்துப் போட்டுப் பல வருஷம் கழித்தவன், எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

கல்லின் சரக்கு மக்னீசியம், அலுமினியம், போரான், சிலிக்கன், ஆக்சிஜன். ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், ஒரு போரானைச் சுற்றி மூன்று. பாறைக்குள் போரான் இருந்தால் பெரும்பாலும் டூர்மலின் என்ற கல்லாகத்தான் உருவாகும். சூடு மிகுந்து, அழுத்தம் குறைந்து, அலுமினியமும் தாராளமாக அமைந்தால்தான் இது பிறக்கும். மக்னீசியத்தின் இடத்தில் இரும்பு கொஞ்சம் புகுந்துகொள்ளும், நிறம் அதனால்தான். இரும்பு கூடக்கூட நிறமும் அடர்த்தியாகும். ஒரு பக்கம் கருநீலப் பச்சை. திருப்பினால் ஏறக்குறைய நிறமே இல்லை. இன்னொரு பக்கம் பச்சை. கடினம் ஏழரை, படிகக்கல்லைக் கீறிவிடும்.

மடகாஸ்கரில் கிடைத்ததெல்லாம் வெகுகாலம் கலங்கலாகவே இருந்தது. பட்டை தீட்டிய தெளிவான கல் முதலில் அகப்பட்டது 2000-இல், நம் பக்கத்து இலங்கையில். வாங்கியவர் அதை ‘செரண்டிபைட்’ என்ற வேறொரு அபூர்வக் கல் என்றே நம்பி வாங்கினார். சோதனை செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எடை 0.29 காரட். பேரனுக்குப் புரியட்டும் என்று ஒரு துவரம்பருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து, “இதைவிடச் சின்னது” என்றேன்.